காகத்துக்கு வைத்த சோறும் ஐந்தாவது குட்டியும்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பயணக் கட்டுரை என்றால் ஒரு மலையோ கடலோ இருக்க வேண்டும், நாலு நல்ல படமாவது இருக்க வேண்டும். இதில் எதுவும் இல்லை. நான் போன இடம் தென் லண்டனில், ஸ்ட்ரெதமில் உள்ள என் அறையிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள்தான். ஊர்ப் பெயரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை, படம் எடுக்கவும் இல்லை. இதையெல்லாம் எழுத நான் யார் என்ற கேள்வி வேறு. அப்படியும் எழுதுகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் நான் போக நினைத்தது கரடிக் குட்டிகளிடம். தாயை இழந்த, வண்டியில் அடிபட்ட கருங்கரடிக் குட்டிகளை வளர்த்து மறுபடி காட்டில் விடும் மையங்கள் வட அமெரிக்காவில் உண்டு. அதுபற்றிப் படித்ததிலிருந்து அந்த வேலையைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும் என்று ஆசை. விமானக் கட்டணம், விசா, தங்கும் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது என் ஆசை அடங்கிவிட்டது. அப்போதுதான் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி சொன்னாள்: "கரடி இல்லை, ஆனால் நரிக்குட்டி இருக்கிறது. அதே முறையில்தான் வளர்க்கிறார்கள். நடத்துகிற அம்மாள் கனடாவில் கரடிக் குட்டிகளோடு பல வருடம் இருந்தவர்." ஆகஸ்டில் ஒரு வார விடுப்பு எடுத்தேன்.

ஊரில் அம்மாவிடம் சொன்னபோது கிடைத்த பதிலையும் எழுதிவிடுகிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். "நரிப் பீய அள்ளவா ஒன்ன லண்டனுக்குப் படிக்க அனுப்பிச்சோம்?" என்றாள். கேள்வியில் நியாயம் இருந்தது.

போகும் வழி இது. ஸ்ட்ரெதம் காமனிலிருந்து ஈஸ்ட் குரோய்டன் கால் மணி நேரம். அங்கே மாறி, சர்ரே பக்கம் போகும் சின்ன ரயிலில் இன்னும் இருபது நிமிடம். நெரிசல் இல்லாத நேரத்து ரிட்டர்ன் டிக்கெட் ரயில்கார்டு என்ற சலுகை அட்டையுடன் எட்டு பவுண்டுக்குள் முடிந்தது. ஸ்டேஷனிலிருந்து மையம் நாலு கிலோமீட்டர். நடந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், பாதி வழிக்கு நடைபாதையே கிடையாது. டாக்சிக்கு ஒன்பது பவுண்டு.

டாக்சிக்காரர் கண்ணாடியில் என் ரப்பர் பூட்ஸைப் பார்த்துவிட்டு, "நரி ஆஸ்பத்திரியா?" என்றார்.

"ஆமாம்."

"போன மாதம் என் கோழி நாலைத் தின்றது உங்கள் நோயாளியாக இருந்தால், என் சார்பில் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லு."

"அங்கே அவற்றுடன் பேசக் கூடாதாம்," என்றேன். அவர் இறக்கிவிடும் வரை சிரித்துக்கொண்டே வந்தார். நான் நகைச்சுவையாகச் சொல்லவில்லை. அதுதான் அந்த இடத்தின் முதல் விதி.

மையத்தை நடத்துகிறவர் பெயர் ஹேஸல். ஐம்பதைத் தாண்டியவர், கையில் இரண்டு பெரிய தழும்புகள். போன உடனே எனக்கு ஒரு பழைய கோட்டைக் கொடுத்தார். மக்கிய இலைக் குவியலுக்குள் வைத்திருந்த கோட்டு, மனித வாடை தெரியாமல் இருக்க. குட்டிகளின் அடைப்புக்குப் பக்கத்தில் பேசக் கூடாது. பெயர் வைக்கக் கூடாது. கண்ணைப் பார்க்கக் கூடாது. உணவைச் சுவருக்கு மேலிருந்து, ஒவ்வொரு நாளும் வேறு இடத்தில், நாம் இருப்பது தெரியாமல் போட வேண்டும். "உன்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா?" என்று ஹேஸல் கேட்டார். வாழ்க்கை முழுவதும் "கொஞ்சம் வாயைத் திறந்து பேசு" என்று கேட்டு வளர்ந்தவள் நான். இந்த வேலை எனக்காகவே உண்டானது என்று தோன்றியது.

அந்த அடைப்பில் ஐந்து குட்டிகள். நான்கு குட்டிகளின் தாய்கள் சாலையில் அடிபட்டு இறந்தவை. ஐந்தாவது டூட்டிங்கில் ஒரு வீட்டுக்குப் பின்னால் கால்பந்து வலையில் சிக்கிப் பின்னங்கால் முறிந்து வந்தது. கால் கூடிவிட்டது, ஓட்டத்தில் லேசான இழுப்பு மட்டும். தங்குவது மையத்திலேயே ஒரு கேரவனில் (சக்கர வீடு), காலையில் ஆறரைக்கு வேலை தொடங்கும். கூளம் அள்ளுவது, தண்ணீர்த் தொட்டி கழுவுவது, பிறகு உணவு. உணவு என்றால் குஞ்சு பொரிப்பகங்களில் கழித்துவிடும் செத்த கோழிக்குஞ்சுகள். சைவக்காரர்கள் இதை யோசித்துக்கொண்டு வாருங்கள். எனக்கு முதல் இரண்டு நாள் காலைச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை வேலை முடிந்து, சமையலறைக்குப் பின்னால் தேநீர் மேசையில் உட்கார்ந்திருந்தேன். அங்கே போன் பேச அனுமதி உண்டு. லண்டனில் எட்டு மணி, ஊரில் பன்னிரண்டரை. அம்மா வீடியோவில் வந்தாள்.

"சாப்டியாடி?"

"ரொட்டிம்மா."

"ரொட்டி தின்னு எலும்பா போ. இரு, அமாவாசை, காக்காய்க்கு வெச்சிட்டு வந்துடறேன்." போனைத் திண்டில் சாய்த்துவிட்டு அம்மா மாடியில் நின்று கத்தினாள். "கா… கா… கா…"

அடைப்புப் பக்கம் கம்பி அதிர்ந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். ஐந்தாவது குட்டி கம்பியில் முன்னங்கால்களை வைத்து நின்றுகொண்டு, வாலை ஆட்டியபடி, என்னை நேராகப் பார்த்தது. மற்ற நான்கும் சிமெண்டுக் குழாய்க்குள் மறைந்துவிட்டன. சமையலறைக் கதவில் ஹேஸல் நின்றிருந்தார்.

"இதனுடன் நீ பேசினாயா? கையால் ஏதாவது கொடுத்தாயா?"

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. ஆனால் உட்கார்ந்து, நிலைமையை மறைக்காமல் சொன்னார். மூன்று வாரத்தில் ஐந்தையும் வெளியே விட வேண்டும். மனிதனைத் தேடி வரும் குட்டியை விட முடியாது. அது முதலில் ஒருவர் வாசலுக்குப் போகும், பிறகு ஒரு நாயிடம், பிறகு நரியைப் பிடிக்காத ஒருவரிடம். ஆயுள் முழுக்க வைத்துப் பராமரிக்க அங்கே இடமும் இல்லை, வேறு யாரும் எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள். "அப்படியானால் கால்நடை மருத்துவரை ஊசியோடு வரச் சொல்ல வேண்டியதுதான். கரடிகளுக்கும் இதேதான். மனிதனை நம்பிய குட்டி பிழைத்து நான் பார்த்ததில்லை."

அன்று முழுதும் கூளம் அள்ளிக்கொண்டே யோசித்தேன். குட்டி என் முகத்துக்கு வரவில்லை, இரண்டு நாளாக நான் அங்கேதான் இருந்தேன். காகத்தின் சத்தத்துக்கும் வரவில்லை, ஓக் மரத்தில் காகங்கள் கத்திக்கொண்டே இருக்கின்றன, அது காதைக்கூடத் திருப்புவதில்லை. அப்படியானால் காகத்தைக் கூப்பிடும் மனிதக் குரல். மாலையில் ஹேஸலிடம் போய், ஒரு முறை சோதித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். கேட்பதற்கே அரை மணி நேரம் கதவுக்கு வெளியே நின்றேன்.

அடைப்புக்கு முன் நின்று "கா" என்றேன். என் குரல் கல்லூரியில் முதல் வரிசையைத் தாண்டியதில்லை, இங்கேயும் தாண்டவில்லை. இன்னொரு முறை, அம்மா மாடியில் நின்று கூப்பிடுவதுபோல், வயிற்றிலிருந்து கூப்பிட்டேன். அது குழாயிலிருந்து ஓடி வந்து என் எதிரே உட்கார்ந்தது.

சாப்பிடும் முன் காகத்துக்கு ஒரு பிடி வைப்பதையும், இறந்துபோனவர்கள் காகமாக வந்து உண்பார்கள் என்ற நம்பிக்கையையும் ஹேஸலுக்கு விளக்கினேன். அவர் குட்டிகளின் பதிவேட்டைப் புரட்டினார். பிறகு, "டூட்டிங்கில் ஒரு பெரியவர் இருக்கிறார். இதை அட்டைப் பெட்டியில், மடியில் வைத்துக்கொண்டு வந்தவர். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போன் செய்து எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். உங்கள் மொழி ஆள்தான் என்று நினைக்கிறேன்," என்றார். அவரே அந்த எண்ணை அழைத்து, என்னைப் பற்றிச் சொல்லி, போனை என் கையில் கொடுத்தார்.

"தமிழ்ப் பிள்ளையே? அப்ப வாங்கோ, வீட்டை வாங்கோ. போனிலை என்ன கதைக்கிறது," என்றது குரல்.

மறுநாள் எனக்கு அரை நாள் ஓய்வு. ஸ்ட்ரெதம் வரை ரயிலில் வந்தேன், அங்கிருந்து டூட்டிங்குக்குப் பஸ் ஒன்றே முக்கால் பவுண்டு. அப்பர் டூட்டிங் ரோட்டில் மத்தியானச் சாப்பாட்டு நேரக் கூட்டம், கொத்து ரொட்டிச் சத்தம். இரண்டு தெரு உள்ளே தள்ளி வீடு. அவரை நான் பாலா அங்கிள் என்று எழுதுகிறேன். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடம் பெட்ரோல் நிலையம் நடத்தி ஓய்வு பெற்றவர். மனைவி ராணி ஆன்ட்டி தை மாதம் இறந்துவிட்டார். மகள் ஹாரோவில் இருக்கிறார்.

"சாப்பிட்டனீங்களோ? இல்லையெண்டு முகத்திலையே எழுதியிருக்கு. இருங்கோ."

சோறும் பருப்பும் கத்தரிக்காயும் வைத்தார். சாப்பிடும்போதே கதை வந்தது. மனைவி இறந்ததிலிருந்து ஒவ்வொரு மத்தியானமும் பின் தோட்டத்து வேலியோரம், ஆன்ட்டியின் எவர்சில்வர் தட்டில் சோறு வைத்துக் கூப்பிட்டிருக்கிறார்.

"ஒரு காகமும் வரேல்ல, பிள்ளை. லண்டன் காகத்துக்கு என்ரை தமிழ் விளங்கேல்ல போல. மே மாசம் ஒரு நாள் கூப்பிட்டுப்போட்டுப் பாக்கிறன், இது வந்து நிக்குது. இத்தினூண்டு. பருப்பும் சோறும் நக்கி நக்கிச் சாப்பிட்டுது. பிறகு நான் கையாலை குடுத்தனான். அது சைவக் குட்டி, தெரியுமோ? வெள்ளிக்கிழமை நல்ல சைவம்."

கேட்கக் கூடாதோ என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "ஆன்ட்டிதான் அப்படி வந்தாங்கன்னு நெனச்சீங்களா, அங்கிள்?"

அவர் சிரித்துவிட்டார். "விசரே உங்களுக்கு? ராணிக்கு நரியெண்டாச் செத்த பயம். இரவிலை பின் கதவு திறக்கவே விடமாட்டா. அவ நரியா வருவாவோ!" சிரிப்பு நின்றது. "சமைச்சுப்போட்டு யாரும் சாப்பிட வராத வீடு, பிள்ளை. அது வந்துது. அவ்வளவுதான்."

பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். வேலியோரம் பலகையால் ஒரு சின்னக் கூடு, உள்ளே பழைய கம்பளி. "எப்ப கொண்டு வருவினம்?"

நான் சேர்த்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் போய்விட்டன. "கொண்டு வரமாட்டாங்க, அங்கிள்," என்றேன். பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று வாரம், கம்பியில் வந்து நிற்பது, ஊசி. அவர் கூட்டின் கூரையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அப்ப நான் குடுத்த சோறுதான் அதுக்கு எமனோ?"

இல்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். "ஆமா அங்கிள். இப்படியே விட்டா, ஆமா," என்றேன். அவ்வளவு கடுமையான ஒன்றை அதற்கு முன் யாரிடமும் நான் சொன்னதில்லை. நிறுத்தாமல் மீதியையும் சொன்னேன். கரடிக் குட்டிகளைக் காட்டில் விடும்போது தான் செய்ததாக ஹேஸல் சொல்லி அனுப்பியது இதுதான்: கத்தி, தகரத்தைத் தட்டி விரட்டுவார்கள், மனிதனைப் பற்றி அது கடைசியாக அறிவது பயமாக இருக்க வேண்டும் என்பதற்காக. இந்தக் குட்டிக்கும் அதைச் செய்ய வேண்டும், ஆனால் அது நம்பிய குரலே செய்தால்தான் பலன். என் குரலோ ஹேஸல் குரலோ போதாது.

"நானே கூப்பிட்டு, நானே கலைக்கிறதோ?"

"ஆமா."

அவர் உள்ளே போனார். கதவை அடைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். எவர்சில்வர் தட்டோடும் ஒரு கரண்டியோடும் வந்தார். "உந்தத் தட்டின்ரை சத்தம் அதுக்குத் தெரியும். வேறை தட்டுச் சரிவராது. எத்தினை மணிக்கு ரெயில்?"

சனிக்கிழமை ஈஸ்ட் குரோய்டனில் அவரைச் சந்தித்தேன். (முதியவர்களுக்கான இலவசப் பாஸ் லண்டன் எல்லை வரைதான் செல்லும், அதற்கு அப்பால் தனி டிக்கெட் வாங்க வேண்டும். பெரியவர்களோடு போகிறவர்கள் கவனியுங்கள்.) வேட்டி கட்டாத குறைதான், கோயிலுக்குப் போவதுபோல் சலவைச் சட்டை. தட்டைத் துணிப்பையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். 

அடைப்பின் முன் அவர் "கா… கா…" என்றார். நான் கூப்பிட்டதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. குட்டி பாய்ந்து வந்தது, கம்பியோடு உடம்பைத் தேய்த்தது, மெல்லிய கீச்சுக் குரல் கொடுத்தது. அங்கிளின் கரண்டி அப்படியே நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார். ஹேஸலும் என்னைத்தான் பார்த்தார், அவருக்குத் தமிழ் தெரியாதே.

"அங்கிள், இப்ப," என்றேன். அவர் அசையவில்லை. "அங்கிள்! இப்பவே!" நான் அப்படிக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது.

தட்டில் அடி விழுந்தது. "போ! போ சனியனே! இஞ்சை வராதை! போ!" அடித்துக்கொண்டே இருந்தார். குட்டி பின்னால் துள்ளி விழுந்து, இழுப்புக் காலோடு எழுந்து குழாய்க்குள் ஓடியது. சத்தம் ஓய்ந்த பிறகும் அவர் கை கரண்டியைப் பிடித்தபடி இருந்தது.

மத்தியானம் இன்னொரு முறை கூப்பிட்டார். பாதி தூரம் வந்து நின்று யோசித்தது. மறுபடி தட்டு. மறுநாளும் அடுத்த வாரமும் வந்தார், நானும் விடுப்பு முடிந்து வாரயிறுதிகளில் போனேன். கடைசி ஞாயிறு அவர் கூப்பிட்டபோது அடைப்பில் ஒரு அசைவும் இல்லை. அவர் இன்னும் இரண்டு முறை, தேவைக்கு அதிகமான நேரம், கூப்பிட்டுப் பார்த்தார்.

திரும்பும் ரயிலில் கேட்டார். "பயந்திட்டுது, என்ன?"

"ஓம் அங்கிள். நல்லாப் பயந்திட்டுது."

"நல்லது," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு பண்ணையோரத்தில், விடியும் நேரத்தில் பெட்டிகளைத் திறந்தோம். நான்கும் புதருக்குள் போய்விட்டன. ஐந்தாவது பெட்டி வாயில் நின்று மூக்கை உயர்த்திப் பார்த்தது. ஹேஸல் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் உரக்கக் கூப்பிட்டேன். முழுதாகக் கூப்பிட்டு முடிக்கும் முன்பே வேலிக்கு அப்பால் போய்விட்டது. இப்போது அது எங்கே, உயிரோடு இருக்கிறதா, எனக்குத் தெரியாது. கழுத்தில் பட்டி கட்டிப் பின்தொடர்வதில்லை. எங்களுக்குத் தெரியாமல் வாழட்டும் என்றுதான் அத்தனை பேரும் அத்தனை பாடுபட்டோம்.

போக நினைக்கிறவர்களுக்கு: இத்தகைய மையங்கள் லண்டனைச் சுற்றிப் பல இருக்கின்றன, குட்டிகள் வருவது வசந்தத்தில், அதனால் குளிர்காலத்திலேயே விண்ணப்பியுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டிருக்க வேண்டும். நான் தங்கிய கேரவனுக்குக் கட்டணம் இல்லை, சாப்பாடு நம் பொறுப்பு. ரப்பர் பூட்ஸ் கட்டாயம், வாசனைத் திரவியம் கூடாது. குட்டியைத் தூக்கிக் கொஞ்சலாம் என்று விளம்பரம் செய்யும் இடம் என்றால் போகாதீர்கள். அங்கே வளர்வது காட்டுக்குத் திரும்பாது. பேச்சு வராதவர்கள் தயங்காமல் போகலாம். ஆனால் உங்களைப் பேச வைக்கும் ஒரு நாள் அங்கேயும் வரும், தப்பிக்க முடியாது.

பாலா அங்கிள் இப்போது மேல் மாடி ஜன்னல் விளிம்பில் சோறு வைக்கிறார். ஒரு காகம் வரத் தொடங்கிவிட்டதாம். "பதினொரு மணிக்கே வந்து கத்துது, பிள்ளை. இன்னும் சமைச்சு முடியேல்லையோ எண்டு. இதுதான் ராணி."

இனிச் சொல்லப்போவதை இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டேன். பசித்து வந்ததை வெறும் வயிற்றோடு அனுப்பச் சொல்வது நம் ஆட்களிடம் கேட்கிற விஷயமே இல்லை, அதுவும் என் வயதுப் பெண் கேட்பது. டூட்டிங்கிலும் ஸ்ட்ரெதமிலும் சவுத்தாலிலும் இதைப் படிக்கிறவர்களே, உங்கள் வீட்டில் இறந்தவர்களுக்குச் சோறு வைப்பதை நிறுத்த வேண்டாம். உயரத்தில் வையுங்கள், காகம் தின்னாத மிச்சத்தை உள்ளே எடுத்துவிடுங்கள். வரும் வசந்தத்தில் ஒரு சின்ன முகம் வேலிக்குக் கீழே நுழைந்து உங்களைப் பார்க்கும். எவ்வளவு பாவமாகப் பார்த்தாலும், தயவுசெய்து, அதற்கு ஒரு பிடிகூடக் கொடுக்காதீர்கள்.